பிறக்குமுன் கணிக்கும் சாதகம்: போர்விமான இயந்திரங்களின் பாவனையை முன்னறிதல்

குழந்தை பிறந்த நாழிகையைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே சாதகம் கணிப்பது நம்மவர் வழக்கம். பிறவாத பிள்ளைக்குச் சாதகம் எழுதுவோர் எவருமிலர். ஆயின், பிறவாத ஒன்றுக்கு ஆயுளையும் அது படப்போகும் பாடுகளையும் முன்கூட்டியே கணித்தாகவேண்டிய கடமை ஒரு தொழிலாருக்கு உண்டு. அவர்கள் போர்விமானங்களுக்கு இயந்திரம் அமைக்கும் பொறியியலாளர். இயந்திரம் காகிதத்தில் கோடாக இருக்கும்போதே, அது எத்தனை முறை இயக்கப்படும், எவ்வளவு நேரம் உச்ச விசையில் ஓடும், எத்தகைய வெயிலில், எவ்வளவு உயரத்தில், எவ்வகை விமானியின் கையில் அல்லலுறும் என்பவற்றை அவர்கள் எழுதிவைத்தல் வேண்டும். அக்கணிப்புப் பிழைத்தால் விமானி உயிரிழக்கலாம். நாட்டின் செல்வம் உதிரிப்பாகங்களாகக் கரையலாம். விமானம் பறக்காது கொட்டகையில் முடங்கலாம். இக்கணிப்பு எவ்வாறு செய்யப்படுகிறது, எவ்வாறு பிழைக்கிறது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை மாவட்டத்தில் வாழும் நமக்கு இப்பொருள் தொலைவானதன்று. கொட்டியாரக் குடாவின் வடபால் சீனன்குடா விமானத்தளம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் அத்தளத்தையும் தாக்கியபோது, பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தே எழுந்தன. குடாவின் தென்பால் ஈச்சிலம்பற்றிலும் மூதூர் கிழக்கிலும் வாழ்ந்த மக்களோ, பிற்காலத்தில் போர்விமானத்தைக் கீழிருந்து அறிந்தவர்கள். 2006ஆம் ஆண்டில் வான்தாக்குதலுக்கும் எறிகணைக்கும் அஞ்சி அவர்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். வானில் இரைந்து சென்ற எதனையும் ‘கிபிர்’ என்றே நம் சிறுவர் அழைத்தனர். அப்பெயருடைய விமானத்தின் இயந்திரத்துக்கும் நமது பொருளுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மணிக்கணக்குப் போதாமை

இயந்திரத்தின் ஆயுளை ஓடிய மணிகளைக்கொண்டு அளப்பதே பொதுவழக்கு. அது முழு உண்மையாகாது. நம் பகுதியிலேயே ஒப்புமை காணலாம். மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் குடாவைக் கடக்கும் இயந்திரப் படகு, துறையை விட்டகன்றபின் ஒரே வேகத்தில் ஓடி அக்கரை சேர்கிறது. ஆற்றுத்துறையில் ஆளேற்றி இறக்கும் சிறு படகின் இயந்திரமோ சில நிமிடத்துக்கு ஒருமுறை முடுக்கப்பட்டும் தணிக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் தொல்லையுறுகிறது. இரண்டும் ஆயிரம் மணி ஓடியிருப்பினும், அவை பட்ட பாடு ஒன்றன்று.

தாரை இயந்திரத்தின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம். முன்பக்கத்து அமுக்கி காற்றை உறிஞ்சி நெருக்குகிறது. நெருக்குண்ட காற்றில் தகன அறையிலே எரிபொருள் எரிகிறது. எரிந்த வாயு சுழலியின் அலகுகளைத் தள்ளிச் சுழற்றிவிட்டுப் பின்வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. சுழலி சுழல, அதே தண்டிற் பூட்டிய அமுக்கியும் சுழல்கிறது. அலகுகள் யாவும் கனத்த வட்டத் தட்டுகளின் விளிம்பிற் செருகப்பட்டவை. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழலும்போது ஒவ்வோர் அலகும் அறுத்துக்கொண்டு வெளியே பாய முயல்கின்றது. தட்டு அதனைப் பிடித்து நிறுத்துகின்றது.

இவ்வமைப்பை மூன்று பகைகள் தாக்குகின்றன. முதலாவது, வெப்பமும் இழுவையும் சேர்ந்து உலோகத்தை மெல்ல மெல்ல நீளச்செய்தல். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது போல, உச்ச வெப்பத்திற் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அலகினை அணுவளவு நீட்டுகிறது. உலோகத்தின் வெப்பநிலை பத்துப் பதினைந்து பாகை கூடினாலே இவ்வகை ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கைக்கணக்கு. இரண்டாவது, உலோகக் களைப்பு. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறியும். இயந்திரம் நின்ற நிலையிலிருந்து உச்சத்துக்கு ஏறி மீண்டும் நிற்பது, தட்டுக்கு அத்தகைய ஒரு வளைப்பு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியே இங்கு விதி. மூன்றாவது, அரிப்பு. கடற்காற்றின் உப்பும் பாலைநிலத்து மணலும் அலகுகளின் மேற்பூச்சை உண்கின்றன.

முதற்பகைக்கு உச்ச வெப்பத்திற் கழிந்த நேரம் அளவுகோல். இரண்டாவதற்கு ஏற்றவிறக்கங்களின் தொகை. மூன்றாவதற்குப் பறக்கும் இடம். ஆகவே வெறும் மணிக்கணக்கு இம்மூன்றில் எதனையும் செவ்வையாகக் காட்டமாட்டாது.

உலோகக் களைப்பின் கணிதம்

உலோகம் களைக்கும் என்பது விமானத்துக்கு முற்பட்ட அறிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யேர்மனியரான ஆகஸ்ட் வோலர் புகையிரத அச்சுகள் முறிவதை ஆராய்ந்து, சுமை எத்தனை முறை ஏறியிறங்குகிறது என்பதே பெரிது எனக் காட்டினார். 1924இல் சுவீடன் நாட்டுப் பாம்கிறென் என்பவரும் 1945இல் அமெரிக்கரான மைனரும் ஒரு கூட்டல் விதியைத் தந்தனர். ஒரு பொருள் குறித்த அளவான சுமையை ஆயிரம் முறை தாங்குமாயின், ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஆயிரத்திலொரு பங்கு செலவாகிறது. வேறு வேறு அளவான சுமைகளின் பங்குகளைக் கூட்டி ஒன்று வந்தால் ஆயுள் முடிந்தது என்பதே அவ்விதி. 1968இல் யப்பானிய அறிஞரான எண்டோவும் மற்சுயிசியும் ஒழுங்கற்று ஏறியிறங்கும் சுமைக்கோட்டிலிருந்து தனித்தனி ஏற்றவிறக்கங்களைப் பிரித்தெண்ணும் முறையொன்றை வகுத்தனர். அடுக்குக் கூரையில் மழைநீர் வழிவதுபோல அக்கோட்டைக் கற்பனைசெய்தமையால், அதற்கு மழையோட்ட முறை என்று பெயர் வந்தது.

விமானி கையிலுள்ள விசைப்பிடியின் ஒவ்வோர் அசைவுக்கும் இவ்விதிகள் பொருந்தும். தட்டின் இழுவை சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக மாறும். இயந்திரம் வெற்றோட்டத்தில், அதாவது தணிந்து ஓடும் நிலையில், உச்ச வேகத்தின் 60 வீதத்திற் சுழல்கிறதெனக் கொள்வோம். அப்போது தட்டின் இழுவை உச்சத்தின் 36 வீதம். அந்நிலையிலிருந்து உச்சத்துக்குச் சென்று மீள்வது 64 வீத ஏற்றவிறக்கம். களைப்பு இழுவையோடு மிக விரைந்து பெருகுவதால், இந்த 64 வீத அசைவு முழு ஏற்றவிறக்கத்தின் பத்திலொரு பங்குச் சேதத்தையே விளைக்கிறது எனக் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம்.

இனி, தட்டொன்று 3,000 முழு ஏற்றவிறக்கங்களைத் தாங்கவல்லது என்க. ஒரு பறப்பில் ஒருமுறை இயக்கி நிறுத்தலும், இடையே ஐந்து முறை வெற்றோட்டத்திலிருந்து உச்சத்துக்குச் சென்று மீளலும் நிகழும் என்று வடிவமைப்போர் கருதினர். பறப்பொன்றின் செலவு ஒன்றரை. ஆகவே தட்டு 2,000 பறப்புகளுக்கு உதவும். ஆயின் விமானி ஐந்துக்குப் பதிலாக இருபது முறை விசைப்பிடியை அசைத்தால் செலவு மூன்று ஆகிறது. தட்டு 1,000 பறப்புகளில் ஓய்ந்துவிடும். பறந்த மணி மாறவில்லை; எரிபொருட் செலவிற்கூடப் பெரிய வேறுபாடு தோன்றாதிருக்கலாம். எனினும் ஆயுள் பாதியாயிற்று. இச்சேதம் கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்பாக வளர்வதால் அது மிகக் கொடியது. உடைந்த அலகை இயந்திரத்தின் உறை பெரும்பாலும் தடுத்துவிடும். பிளந்த தட்டைத் தடுக்கும் உறையை விமானம் சுமக்கமாட்டாது.

முன்னறியும் முறை

விமான இயந்திரமொன்று எண்ணத்திலிருந்து படைக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். தட்டின் தடிப்பு, அலகின் உலோகம், சுழலியின் வெப்பநிலை என்பவை தொடக்க ஆண்டுகளிலேயே முடிவாகின்றன. அதன்பின் அவற்றை மாற்றுதல் வீடு கட்டி முடிந்தபின் அத்திவாரத்தை மாற்றுவதை ஒக்கும். எனவே அறியவேண்டிய யாவற்றையும் அறிவதற்கு முன்னரே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.

பொறியியலாளர் முதலில் விமானம் செய்யவேண்டிய பணிகளைப் பட்டியலிடுகின்றனர். பகைவிமானத்தை எதிர்கொள்ளல், தாழப் பறந்து தரையைத் தாக்கல், கடற்காவல், பயிற்சி, ஓரிடம்விட்டு ஓரிடம் செல்லல் என அவை விரியும். நூறு பறப்புகளில் ஒவ்வொரு வகையும் எத்தனை என்று வகுக்கின்றனர். பின்பு ஒவ்வொரு பறப்பையும் துண்டு துண்டாக எழுதுகின்றனர்: இயக்கல், தரையோட்டம், மேலெழல், ஏறுதல், சீரான செலவு, போர், காவல், இறங்கல், நிறுத்தல். ஒவ்வொரு துண்டுக்கும் நேரம், உயரம், வேகம், காற்றின் வெப்பநிலை, விசைப்பிடியின் நிலை ஆகியன குறிக்கப்படுகின்றன. இவற்றைக் கணினியிலுள்ள விமானத்துக்கும் இயந்திரத்துக்கும் ஊட்டி ஆயிரக்கணக்கான கற்பனைப் பறப்புகளை ஓட்டி, உச்ச வெப்பத்திற் கழியும் நேரத்தையும் ஏற்றவிறக்கங்களையும் எண்ணுகின்றனர். கிடைத்த தொகைக்குத் தட்டு போதாதாயின் அதனைத் தடிப்பாக்குகின்றனர். தட்டுத் தடித்தால் இயந்திரம் கனக்கும். இயந்திரம் கனத்தால் விமானம் பெருக்கும். விமானம் பெருத்தால் விசை கூடுதலாக வேண்டும். ஆகவே கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இங்கே மூன்று பொறிகள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று, சராசரியை நம்புதல். ஓர் அணி கடுமையாகவும் மற்றோர் அணி மென்மையாகவும் பாவிக்கும். சராசரிக்கு அமைத்த தட்டு, கடுமையாகப் பாவிப்பவனைக் காவாது. இங்கிலாந்தின் ‘செவ்வம்புகள்’ எனப்படும் சாகச விமான அணியில் இயந்திரப் பாவனையை அளந்தபோது இது தெளிவாகியது. அணித்தலைவன் விசைப்பிடியைப் பெரும்பாலும் அசைக்காது பறக்கிறான். அவனைப் பக்கத்திற் பின்தொடர்வோர் தம் இடம் பிசகாதிருக்க இடையறாது அசைக்கின்றனர். ஒரே வகை விமானம், ஒரே பறப்பு, ஒரே நேரம். எனினும் பின்தொடர்வோரின் இயந்திரங்கள் தலைவனுடையதைவிடப் பன்மடங்கு விரைவில் ஆயுளைச் செலவழித்தன.

இரண்டாவது பொறி, பழைய விமானத்தின் பழக்கத்தைப் புதியதன்மீது ஏற்றுதல். 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் எவ்-15 விமானத்துக்காக எவ்-100 என்ற இயந்திரம் அமைக்கப்பட்டது. முன்னைய விமானங்களின் அனுபவத்தைக் கொண்டே அதன் பாவனை கணிக்கப்பட்டது. ஆனால் புதிய விமானம் தன் எடையை விஞ்சும் விசையுடையது. முன்னைய விமானிகள் போரில் விசைப்பிடியை முன்னே தள்ளி அங்கேயே வைத்திருந்தனர். வேகம் இழந்தால் மீளப்பெறுதல் அரிது. புதிய விமானிகளோ வேண்டும்போது விசையைக் கூட்டியும் குறைத்தும் விளையாடக் கற்றுக்கொண்டனர். ஏற்றவிறக்கங்கள் எதிர்பார்த்ததைப் பன்மடங்கு விஞ்சின. பாகங்கள் காலத்துக்கு முன்னரே தேய்ந்தன. உதிரிப்பாகத் தட்டுப்பாடும் வந்தது. இதனிற் பெறப்படும் உண்மை ஆழமானது: இயந்திரத்தின் வலிமையே அதன் பாவனையை மாற்றுகிறது. படைத்த பொருள் பாவிப்பவனின் பழக்கத்தைப் படைக்கிறது. ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய சாதகம் எழுதுதல் ஆகாது.

இவ்வனுபவத்தின் பயனாக, மெய்யான பறப்புகளின் ஏற்றவிறக்கங்களை மாத்திரம் பொறுக்கிச் சோதனைமேடையில் விரைந்து ஓட்டிப்பார்க்கும் முறை வலுப்பெற்றது. விமானத்திலேயே இயந்திரத்தின் வேகத்தையும் வெப்பத்தையும் எழுதும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1984இல் அமெரிக்க விமானப்படை இயந்திரக் கட்டமைப்பின் உறுதிக்கெனத் தனி நியமமொன்றை வெளியிட்டு, பாவனையைத் தொடக்கத்திலேயே வகுத்தலையும் பின்பு மெய்ப்பாவனையோடு ஒப்பிட்டுத் திருத்தலையும் விதியாக்கியது.

மூன்றாவது பொறி, பணி மாறிவிடுதல். இதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்றுகளை நோக்குவோம்.

அயலிலிருந்து மூன்று சான்றுகள்

பாரதத்தில் யேர்மனியப் பொறியியலாளர் கூர்ட் தாங்கின் தலைமையில் அமைக்கப்பட்ட ‘மாருத்’ என்னும் போர்விமானம் 1961ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள் முதன்முதற் பறந்தது. அது ஒலியின் வேகத்தை இருமடங்கு விஞ்சும் என்ற எண்ணத்துடன், பின்னெரி பூட்டிய ஓர்ஃபியஸ் இயந்திரத்துக்கென வரையப்பட்டது. அவ்வியந்திரத்தின் வளர்ச்சி இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. ஆகவே பின்னெரியற்ற, ஏறக்குறைய 4,850 இறாத்தல் விசைதரும் எளிய ஓர்ஃபியஸ் இரண்டினையே பூட்டவேண்டியதாயிற்று. வேகத்தாற் பகைவிமானத்தை வெல்லவேண்டிய மாருத், தாழப்பறந்து தரையைத் தாக்கும் விமானமாயிற்று. 1971ஆம் ஆண்டுப் போரில் அப்பணியைச் செவ்வனே ஆற்றிற்று. விமானத்தின் கணிப்பு ஒன்று. இயந்திரத்தின் விதி வேறொன்று.

இரண்டாவது சான்று, தமிழர் நாவில் நாள்தோறும் வழங்கும் ஆற்றின் பெயரைத் தாங்கியது. பெங்களூரில் உள்ள வாயுச்சுழலி ஆராய்ச்சி நிலையம் 1989இல் இசைவுபெற்றுத் தொடங்கிய ‘காவேரி’ இயந்திரம், தேஜஸ் என்னும் இலகு போர்விமானத்துக்கென எண்ணப்பட்டது. இதன் அமைப்பிலே பாவனை முன்னறிதலின் நல்ல பாடமொன்றுண்டு. மேலைநாட்டு இயந்திரங்களின் விசை, கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள நியமநாளைக் கொண்டு பேசப்படுவது வழக்கம். பாரதத்து விமானமோ இராசத்தான் பாலையின் கொதிப்பிலும் இமயத்து உயர்தளத்தின் மெல்லிய காற்றிலும் எழவேண்டும். காற்றுச் சூடேறினால் அதன் அடர்த்தி குறையும், விசையும் தளரும். தளராதிருக்கக் கூடுதலாக எரித்தால் சுழலி சூடேறி ஆயுள் குன்றும். இதை முன்னறிந்து, வெப்பம் மிகுந்தாலும் விசை வீழாதவாறு காவேரி வகுக்கப்பட்டது. 35 பாகையை எட்டும் நம் திருகோணமலை வெயிலையும், குடாக்கடலின் உப்புக்காற்றையும் நினைப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

முழு இயந்திரம் 1996இல் முதன்முதல் ஓடியது; 2010இல் உருசியாவில் பெரிய சரக்கு விமானமொன்றிற் பூட்டப்பட்டுப் பறந்தும் பார்க்கப்பட்டது. ஆயினும் குறித்த உச்ச விசையை அது எட்டவில்லை. 2008லேயே தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எவ்-404 இயந்திரத்துடன் படைக்கு வந்தது. பின்னர், பின்னெரியற்ற காவேரியை ஆளில்லா விமானத்துக்கு உதவும் வண்ணம் வளர்க்கும் முயற்சி தொடங்கியது. இங்கே பாவனை அடியோடு மாறுவதைக் காண்க. போர்விமானியின் கையில் இடையறாது ஏறியிறங்க இருந்தது, ஆளில்லா விமானத்திற் சீராக நெடுநேரம் ஓடவேண்டியதாகிறது. களைப்பினாற் செலவாக இருந்த ஆயுள், இனி வெப்ப நீட்சியாற் செலவாகும். ஒரே இயந்திரத்துக்குச் சாதகத்தை மறுபடி கணித்தாகவேண்டும்.

மூன்றாவது சான்று, முன்னர்ச் சொல்லிய கிபிர். அது இசுரேல் நாட்டில் அமைக்கப்பட்டு 1996இல் இலங்கை விமானப்படையிற் சேர்ந்தது. அதன் இயந்திரமாகிய ஜே-79, 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வரையப்பட்டது. அன்று அதனை வரைந்தோர் மனத்திலிருந்த பெரும்பணிகளுள் ஒன்று, ஒலியின் இருமடங்கு வேகத்திற் செல்லும் பி-58 என்ற நெடுந்தொலைக் குண்டுவிமானத்தைச் செலுத்துவது. குளிர்ந்த உயர்வானில் சீராக விரைவதற்கென எண்ணிய அவ்வியந்திரம், அரை நூற்றாண்டுக்குப் பின்னர் வெப்பநாட்டுக் கரையோரத்தில் ஏறியும் பாய்ந்தும் திரும்பியும் பறந்தது. வரைந்தவர்கள் கொட்டியாரக் குடாவின் பெயரையும் அறிந்திரார். அதன் கரையில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்குகுழியில் ஒடுங்கவிருந்த தாய்மாரையும் எண்ணியிரார்.

கணிப்பும் கடமையும்

இதனால் நாம் துணிவது யாது? பாவனையை முன்னறிதல் சோதிடமன்று. அது சான்றுகளைக்கொண்டு செய்யும் ஊகம். ஊகமாதலின் அதற்கு எல்லையுண்டு. எல்லையை ஒப்புக்கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு ஐயம் உள்ளதென எழுதிவைத்து, மெய்ப்பாவனை தெரியவந்தவுடன் திருத்திக்கொள்பவனே நல்ல பொறியியலாளன். தட்டு எத்தனை ஏற்றவிறக்கங்களைத் தாங்கும் என்பதை உலோகவியல் சொல்லும். அத்தட்டை எத்தனை ஏற்றவிறக்கங்களுக்கு உட்படுத்துவார்கள் என்பதை உலோகவியல் சொல்லாது. அதனை மனிதரின் பழக்கத்தைக் கவனித்தே அறியவேண்டும். விமானியோடு பேசாத வடிவமைப்பாளனும், திருத்துநரின் பதிவேட்டைப் புரட்டாத வடிவமைப்பாளனும் பாதி அறிவோடே தொழில் செய்கின்றனர்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். இக்கணக்குகள் யாவும் இயந்திரத்தின் ஆயுளையும் அதிற் பறப்போன் உயிரையும் காப்பதற்கானவை. கீழே நிற்போரின் ஆயுள் அவற்றில் எந்தக் கூட்டலிலும் இடம்பெறவில்லை. ஒரு பொருளின் பாவனையை முழுமையாக முன்னறிதல் என்பது, அது யார் கையில், யாருக்கு எதிராக, என்ன பயனுக்குச் செல்லும் என வினாவுதலையும் அடக்கும். அவ்வினாவுக்கு விடைதரும் சூத்திரம் பொறியியல் நூலில் இல்லை. அதற்குரிய விடையைக் கல்வி தந்த நெஞ்சத்திலேதான் தேடவேண்டும். கொட்டியாரக் கரையிற் பிறந்தோர் அவ்வினாவை மறத்தல் தகாது.

நம் கல்லூரியின் மாணவர்களுள் இத்துறையை நாட விரும்புவோர்க்குச் சில சொல்வோம். கணிதத்தையும் பௌதிகத்தையும் ஐயந்திரிபறக் கற்பீராக. புள்ளிவிபரவியலை அற்பமென ஒதுக்காதீர். அதனினும் மேலாக, அளந்து குறித்துவைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குக. வயலுக்கு நீரிறைக்கும் இயந்திரத்தை நாளொன்றுக்கு எத்தனை முறை இயக்குகிறோம், எத்தனை மணி ஓட்டுகிறோம், எப்போது எப்பாகம் பழுதாயிற்று என ஓராண்டு பதிந்து பாருங்கள். மீன்பிடிப் படகின் இயந்திரத்துக்கும் அவ்வாறே ஓர் ஏடு வையுங்கள். அடுத்த பழுது எப்போது வருமென அவ்வேட்டைக்கொண்டு எழுதிவைத்து, வந்த நாளோடு ஒப்பிடுங்கள். கணிப்பு எத்துணைக் கடினமென்பதும், பதிவு எத்துணைப் பயனுடையதென்பதும் அப்போது தாமே விளங்கும். பெங்களூரிலும் பிற நாடுகளிலும் பெரிய நிலையங்களிற் செய்யப்படுவதும் அடிப்படையில் அதுவே.